பாஸ்போர்ட் யார் கையில்? வெளிநாட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஆள்கடத்தல் சட்டங்கள் பற்றி

வந்த முதல் வாரத்திலேயே பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றையும் போனில் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பேங்க் கணக்கெல்லாம் அப்புறம். "பத்திரமா வெச்சிருக்கேன்" என்று முதலாளியோ ஏஜென்ட்டோ பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால், உடனே திருப்பிக் கேளுங்கள். இந்தியச் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. கத்தாரில்கூட, நீங்களாக எழுதிக் கேட்டால் தவிர, முதலாளி அதை வைத்திருக்கக் கூடாது.

முறையான விசாவில் விமானம் ஏறி வந்தவரும் சட்டப்படி ஆள்கடத்தலுக்கு ஆளானவராக இருக்கலாம். ஆள்கடத்தலைத் தடுக்க ஐ.நா. 2000-ல் ஏற்றுக்கொண்ட சர்வதேச ஒப்பந்தமான பலெர்மோ நெறிமுறைதான் பெரும்பாலான நாடுகளின் சட்டங்களுக்கு அடிப்படை. அது எல்லையை எப்படித் தாண்டினீர்கள் என்று பார்ப்பதில்லை. மிரட்டியோ ஏமாற்றியோ ஆள் சேர்த்தார்களா, சுரண்டுவதற்காகச் சேர்த்தார்களா என்றே பார்க்கிறது. "நீதானே கையெழுத்துப் போட்டாய்" என்ற வாதம் அங்கே எடுபடாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் ஏமாற்றியதைக்கூட நிரூபிக்க வேண்டியதில்லை.

இந்தச் சுரண்டலில் ஒரு வகைதான் கட்டாய உழைப்பு. அதற்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 11 அறிகுறிகள் சொல்கிறது. அடி உதை, பூட்டி வைப்பது போன்றவை யாருக்கும் புரியும். நம்மவர்கள் சிக்குவது பெரும்பாலும் கடனில்தான் என்பது என் எண்ணம். ஏஜென்ட்டுக்குத் தர வேண்டியது, தங்குமிடம், சாப்பாடு என்று மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். பாக்கி மட்டும் குறையவே குறையாது. கணக்கை எழுத்தில் கேளுங்கள். வேலை பார்த்த நேரத்தையும் கைக்கு வந்த பணத்தையும் தேதி போட்டுக் குறித்து வாருங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

"விசா முடிந்துவிட்டது, போலீஸுக்குப் போனால் நாடு கடத்திவிடுவார்கள்" என்ற பயத்தை வைத்துத்தான் முதலாளிகள் பிழைக்கிறார்கள். அந்தப் பயம் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழி இருக்கிறது. ஐரோப்பிய கவுன்சிலின் 2005 உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், ஆள்கடத்தலுக்கு ஆளானவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், அவர் தேறி, யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் வெளியேற்ற முடியாது. பிரிட்டனில், ஒருவர் ஆள்கடத்தலுக்கு ஆளானவரா என்று முடிவு செய்யும் பரிந்துரை முறைக்கு நீங்களே நேராக விண்ணப்பிக்க முடியாது. போலீஸ், உள்ளூராட்சி மன்றம், சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு நிறுவனம் போன்றோர்தான் அனுப்ப வேண்டும். பெரியவர்களானால் அவர்களின் சம்மதம் தேவை. அமெரிக்காவில் ஆள்கடத்தலுக்கு ஆளானவர்களுக்கென்றே டி விசா உண்டு. அதற்குப் பொதுவாக விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும். கனடா பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தற்காலிக வதிவிட அனுமதி வைத்திருக்கிறது. கட்டணமில்லை, சாட்சி சொல்லியாக வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஒரே முதலாளியோடு கட்டிப்போடும் பர்மிட்டில் அங்கே கொடுமைப்படுபவர்கள், 2019 முதல் வேறிடத்தில் வேலை பார்க்கத் திறந்த பர்மிட் கேட்கலாம்.

அமெரிக்க வெளியுறவுத் துறை ஆள்கடத்தலைத் தடுக்க எந்த நாடு எவ்வளவு செய்கிறது என்று ஆண்டுதோறும் நாடுகளைத் தரம் பிரித்து அறிக்கை வெளியிடுகிறது. நீங்கள் இப்போது இருக்கும் நாடு முதல் தரத்தில் இருக்கலாம். உங்கள் பேட்டை ஸ்டேஷன் அதிகாரிக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்கும் என்பதற்கு அது உத்தரவாதமில்லை. ஆகவே முடிந்தால் முதலில் தொண்டு நிறுவனத்தையோ குடிவரவு வழக்கறிஞரையோ பாருங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் யோசிக்காமல் அவசர எண்ணை அழையுங்கள்.

இந்தியக் குடிமக்களுக்குத் தூதரகத்தில் சமூக நல நிதி இருக்கிறது. தங்குமிடத்துக்கும் டிக்கெட்டுக்கும் அதிலிருந்து உதவி கேட்கலாம். புகலிடம் கேட்டிருப்பவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் சொந்த நாட்டுத் தூதரகத்தை அணுக வேண்டாம். வழக்குக்கே அது பாதகமாகலாம்.

அமெரிக்காவின் உதவி எண் 1-888-373-7888, கனடாவில் 1-833-900-1010, பிரிட்டனில் 08000 121 700. எடுத்ததும் "தமிழ்" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். முதலாளியின் ஆளோ அவர் சொந்தக்காரரோ "நான் பேசுகிறேன்" என்று முன்வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.