குழந்தையோடு வானம் பார்க்க, முதலில் காலண்டரைப் பாருங்கள்

பிள்ளைக்கு வானத்தைக் காட்டலாம் என்று தோன்றியதுமே நிறைய பேர் டெலஸ்கோப் விலை விசாரிக்கிறார்கள். இப்போதைக்கு வேண்டாம். நாலைந்து வயதில் ஒற்றைக் கண்ணைச் சின்ன ஓட்டையில் வைத்து அசையாமல் நிற்பது கஷ்டம், அதுவும் போக நிலாவைப் பார்க்க வெறும் கண்ணே போதும். மொட்டை மாடி, பாய், நோட்டு, பென்சில், கொசுவர்த்தி இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: நாள் குறிப்பது

தினசரி காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பாருங்கள். அது கழிந்த மூன்றாம் நாள் மாலை 6.45க்கு மாடிக்குப் போங்கள். தை, மாசி நல்ல மாதங்கள். நாங்கள் ஐப்பசியில் ஆரம்பித்தோம், நாலு நாளும் மழை, பிள்ளைக்கு ஆர்வமே விட்டுப்போயிற்று.

படி 2: ஒரே இடம், ஒரே நேரம்

இதை மட்டும் விடாமல் செய்யுங்கள். மாடித் தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்து, தினமும் அதில்தான் நிற்கணும் என்று சொல்லுங்கள் (கைப்பிடிச் சுவருக்குத் தள்ளியே வரையுங்கள், அண்ணாந்து பார்த்தபடி பிள்ளைகள் நடந்துவிடுவார்கள்). மேற்கே பிறை தெரியும். கையை நேராக நீட்டி மூடிய முஷ்டி வானத்தில் சுமார் 10 டிகிரி. குழந்தைக்கு முஷ்டி சின்னது, கையும் குட்டை, அதனால் கணக்கு ஏறக்குறைய அதேதான். எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்குக்கு மேலே எத்தனை முஷ்டி என்று எண்ணிவிட்டு, டேங்கையும் பிறையையும் நோட்டில் வரையட்டும்.

மறுநாள் அதே நேரம் பார்த்தால் நிலா ஒரு முஷ்டிக்கும் கொஞ்சம் கூடுதலாக மேலே ஏறியிருக்கும். பூமியைச் சுற்றும் நிலா தினமும் சுமார் 13 டிகிரி கிழக்கே நகர்கிறது, அதுதான் காரணம், ஆனால் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். மூன்றாம் நாள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, டேங்க் அங்கேயே இருக்கு, நிலா மட்டும் ஏறிக்கிட்டே வருது" என்று என் மகளே சொன்னாள். அன்று நான் வேறெதுவும் விளக்கவில்லை.

பிறையின் இருட்டுப் பக்கத்தையும் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாக முழு வட்டம் தெரியும். அது பூமியில் பட்டுத் தெறித்துப் போன சூரிய வெளிச்சம்.

படி 3: நிலா எவ்வளவு தூரம்?

ஒரு கால்பந்து பூமி. டென்னிஸ் பந்து கிட்டத்தட்ட நிலா. எவ்வளவு தள்ளி வைப்பது என்று கேளுங்கள், எல்லாக் குழந்தையும் பக்கத்திலேயே வைக்கும். அப்புறம் கால்பந்தின் அகலத்தைப் போல் 30 மடங்கு, அதாவது ஆறரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல், நீங்களே எடுத்துக்கொண்டு நடந்து காட்டுங்கள். நிஜத்தில் இது சுமார் 3,84,400 கிலோமீட்டர். சந்திரயான்-3 இவ்வளவு தூரம் போய் 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது என்பதையும், அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதையும் அந்த இடத்தில் நின்றே சொல்லுங்கள்.

படி 4: மூன்று நட்சத்திரம்

நிலா இல்லாத தை மாத இரவில், ஏழரை மணிக்குக் கிழக்கே திரும்பி நில்லுங்கள். பாதி வானத்துக்கு மேல் மூன்று நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் நிற்கும். நம் ஊர் வெளிச்சத்திலும் தெரியும். அதற்கு இடப்பக்கம் சிவப்பாக இருப்பது திருவாதிரை. கோட்டை அப்படியே மேலே நீட்டினால் ரோகிணி, இன்னும் நீட்டினால் உச்சிக்குப் பக்கத்தில் கார்த்திகைக் கொத்து. சென்னை கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு இதற்கு அப்புறம் கூட்டிப்போங்கள். அங்கே கூரையில் இவை வரும்போது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த முகங்களாக இருக்கும்.

டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டி, போனைக் கீழேயே வைத்துவிட்டு, இருபது நிமிஷம் இருட்டில் உட்கார்ந்த பிறகு கார்த்திகையை எண்ணச் சொல்லுங்கள். ஆறு என்பது வழக்கம். எனக்கு நாலு தெரிந்தது, மகளுக்கு ஐந்து.