900 பைப் போதுமா? க்யூஜிஐஎஸ்ஸைக் கேட்டுப் பார்ப்போம்

நீலகிரியில் கீழ்க்கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டச் சாலை. அதன் குறுக்கே இருந்த 600 மி.மீ. ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) ஒவ்வொரு ஐப்பசிக்கும் அடைத்துக்கொண்டு சாலையை அரித்தது. "900 போட்டால் போதாதா மேடம்?" என்றார் மேஸ்திரி. அந்தக் கணக்கை க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் எப்படிப் போட்டேன், எங்கே சொதப்பினேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் உயர மாதிரி வேண்டும், அதாவது நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் கோப்பு. இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோடெம் என்ற மாதிரி இலவசமாகக் கிடைக்கும். ஏறக்குறைய 30 மீட்டர் கட்டம். இறக்கியதும் மீட்டரில் அளக்கும் யுடிஎம் 43 வடக்கு என்ற ஆய முறைக்கு மாற்றிவிடுங்கள். நீலகிரி முழுவதும் அந்த மண்டலம்தான். டிகிரியிலேயே விட்டால் சரிவும் பரப்பும் கோணலாக வரும். மாற்றும்போது, பக்கத்துக் கட்டங்களின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் பைலீனியர் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மலைச்சரிவில் படிக்கட்டு மாதிரி கோடுகள் விழும்.

அப்புறம் க்யூஜிஐஎஸ்ஸுக்குள் இருக்கும் கிராஸ் கருவிகளில், ஓடைகளைக் கண்டுபிடிக்கும் ஆர்.வாட்டர்ஷெட். குறைந்தபட்ச அளவாக 50 கட்டம் கொடுத்தேன், அதாவது 4.5 ஹெக்டேர். ஓடைகள் திரையில் வந்துவிட்டன. கல்வெர்ட் (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலம்) வரும் இடத்தை ஆர்.வாட்டர்.அவுட்லெட் கருவியில் புள்ளியாகக் கொடுத்தால், அதற்கு மேலே இருக்கும் நீர்ப்பிடிப்பு முழுவதையும் வெட்டித் தரும். எனக்கு 9 ஹெக்டேர் வந்தது. சந்தோஷமாக மூடி வைத்தேன்.

மறுநாள் இடத்தைப் பார்க்கப் போனபோது கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "இந்தப் பக்கம் மட்டும் இல்லீங்க, அந்தச் சோலைக்கு மேல இருந்தும் தண்ணி வரும்" என்றார். திரும்பி வந்து பெரிதாக்கிப் பார்த்தால், என் புள்ளி ஒரு கட்டம் தள்ளி, இரண்டு ஓடையும் சேர்வதற்கு முன்னால் ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தது. நகர்த்தி வைத்ததும் 24 ஹெக்டேர். ஜிபிஎஸ் புள்ளியை அப்படியே நம்பாதீர்கள். திரையில் ஓடைக்கோட்டின் மேலேயே வையுங்கள். அடர்ந்த மரங்கள் இருக்கும் இடத்தில் மாதிரி காட்டுவது மண்ணின் உயரமாக இருக்காது, மர உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே ஓடை தடம் மாறும், நடந்து சரிபாருங்கள்.

இனி மழை. ஓடையின் நீளம் 0.8 கி.மீ., இறக்கம் 180 மீட்டர். இந்தியச் சாலைக் காங்கிரஸின் சிறுபாலக் கையேட்டில் இருக்கும் சூத்திரத்தில் போட்டால், மேல்முனைத் தண்ணீர் கல்வெர்ட்டுக்கு வர ஆறே நிமிடம். அதனால் நாள் மழை அளவு இங்கே உதவாது, குறுகிய நேரத் தீவிரம்தான் வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது உண்மை. ஆனால் அது மேற்குப் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழை. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கணக்கு.

மணிக்கு 120 மி.மீ., வழிந்தோடும் பங்கு 0.5 என்று எடுத்துக்கொண்டேன். இவற்றோடு 24 ஹெக்டேரையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் நொடிக்கு 4 கன மீட்டர். 9 ஹெக்டேருக்கு 1.5தான். 900 பைப் நிரம்பி, நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் 1.9 தாண்டாது. என் தப்பான கணக்கில் மேஸ்திரி பாஸ்!

கடைசியில் 1.5 மீட்டர் சதுரப் பெட்டிக் கல்வெர்ட் எழுதிக் கொடுத்தேன். தண்ணீருக்கு மட்டும் என்றால் அவ்வளவு வேண்டாம். கவாத்துக் குச்சியும் சில்வர் ஓக் இலையும் சேர்ந்தல்லவா வருகின்றன.