உடும்பையும் பன்றிமூக்குத் தவளையையும் ஒப்பிடுவது எப்படி

உடும்பு எல்லாருக்கும் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்கடியில் வாழும் பன்றிமூக்குத் தவளையைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு, 2003இல்தான் அதற்கு அறிவியல் பெயரே கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டுக் குறிப்பெடுக்க உட்கார்ந்தால் எது பெரிது என்று ஆரம்பிக்காதீர்கள்.

நீளம் எழுதியே ஆகவேண்டும் என்றால் இரண்டையும் மூக்கு நுனியிலிருந்து கழிவாய் (உடலின் பின்பக்கக் கழிவுத் துளை) வரை அளந்த கணக்கை எடுங்கள், ஏனென்றால் உடும்பின் நீளத்தில் பாதிக்குமேல் வால்தான், தவளைக்கு வாலே கிடையாது. பெரிய உடும்பு சுமார் 75 செ.மீ., தவளை சுமார் 7. சரி, அது போதும்.

இரண்டுக்கும் கறையானோடு என்ன தொடர்பு என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். பெண் உடும்பு பல சமயம் கறையான் புற்றைத் தோண்டி அதற்குள் முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும், உள்ளே சூடும் ஈரமும் அதிகம் மாறாது. தவளைக்கோ கறையான்தான் சாப்பாடு. வெளுத்த கூர்மூக்கு, சின்ன வாய், குட்டைக் கால், பின்னங்காலில் மண் தள்ளும் தடித்த மேடு, எல்லாமே நிலத்தடி வாழ்க்கைக்கு வாகானவை. உடும்பு பிளந்த நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்துப் பகலில் திரிந்து வண்டு, முட்டை, செத்த பிராணி என்று கிடைத்ததைத் தின்னும்.

அடுத்து 12 மாதங்களுக்கு ஒரு கட்டம் போட்டு, எது எப்போது என்ன செய்கிறது என்று குறியுங்கள். தவளை இனப்பெருக்கத்துக்காக மட்டும் மழையை ஒட்டிச் சில நாள் வெளியே வரும். மலையின் எந்தப் பக்கச் சரிவில் வாழும் தவளை என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்: இடுக்கிப் பக்கம் இருப்பது தென்மேற்குப் பருவமழையை நம்பி இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து 2017இல் தனி இனமாக விவரிக்கப்பட்டு ஆய்வாளர் பூபதியின் பெயர் சூட்டப்பட்டது வடகிழக்குப் பருவமழையில் இனம் பெருக்குகிறது. இதைக் கலந்துவிட்டால் கட்டம் முழுக்கத் தப்பாகிவிடும். அப்புறம் குஞ்சுகள்: உடும்புக் குஞ்சு முட்டையிலிருந்தே முழு உடும்பாக வரும், தவளையின் தலைப்பிரட்டைகள் பாய்ந்தோடும் ஓடையில் உறிஞ்சும் வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு வளரும்.

நேரில் பார்க்க வேண்டுமா? உடும்பை, காலை வெயில் காயும்போது பைனாகுலரில் தூரத்திலிருந்து பாருங்கள், 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு, பிடிப்பது குற்றம். தவளைக்காக மண்ணைத் தோண்டவே கூடாது. வனத்துறை அனுமதி வாங்கி, மழைக்காலத்தில் ஓடைப் பாறைகளில் தலைப்பிரட்டைகளைத் தேடுங்கள், தொடாமல் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.