முதல் வசந்தத்தில் காமகுரா: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

தோக்கியோவின் நிஷிகசாயில் வீடு பிடித்து, குப்பை பிரிக்கும் அட்டவணையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைகளை முடித்து நிமிர்வதற்குள் மார்ச் போய்விடும். அலுவலகத்தில் சகுராவை, அதாவது செர்ரிப் பூவைத் தவிர வேறு பேச்சே இருக்காது. முதல் பயணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கடலோரப் பழைய ஊரான காமகுரா. கியோட்டோவுக்கு நான்கு பேர் ஷின்கான்சென் புல்லட் ரயிலில் போய்வந்தால் அந்த மாத பட்ஜெட் காலி. காமகுராவுக்குத் தோக்கியோ ஸ்டேஷனிலிருந்து ஒரு மணி நேரம், ஒரு வழிக்கு ஆளுக்கு ஏறக்குறைய ஆயிரம் யென். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி. அதற்கும் சின்னவர்கள் என்றால், ஒரு பெரியவரோடு இரண்டு பேர் வரை இலவசம்.

தோசாய் லைனில் ஓதேமாச்சி, அங்கிருந்து நடந்தே தோக்கியோ ஸ்டேஷன். யோகொசுகா லைன் பிளாட்பாரம் பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் இருக்கிறது. தள்ளுவண்டியோடு லிஃப்ட் தேடி இறங்கக் கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே சிபா பக்கம் போகும் வண்டிகளும் வரும். குரிஹாமா, யோகொசுகா, ஸுஷி என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். ஓஃபுனாவோடு நிற்கும் வண்டியென்றால் அங்கே மாற வேண்டும்.

எட்டு மணிக்குள் காமகுராவில் இறங்கிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். 1902 முதல் ஓடும் எனோதென் குட்டி ரயில், வீட்டுக் கொல்லைப்புறங்களை உரசிக்கொண்டு போகும். பிள்ளைகளுக்கு அதுவே பாதித் திருவிழா. ஆனால் சகுரா வாரத்துச் சனி, ஞாயிறிலும், ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்துக் கோல்டன் வீக் விடுமுறையிலும் பத்து மணிக்குப் போனால் அதில் ஏறவே வரிசை. காலையிலேயே அதில் ஹாசே ஸ்டேஷனுக்குப் போய்ப் பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு, கூட்டம் வரும்போது நீங்கள் திரும்புங்கள்.

13-ம் நூற்றாண்டில் வார்த்த வெண்கலப் புத்தர், பீடம் நீங்கலாகவே 11 மீட்டருக்கு மேல். முன்பு மண்டபம் இருந்தது. அது போனபிறகு ஐந்நூறு வருடமாக வெயிலிலும் மழையிலும்தான் உட்கார்ந்திருக்கிறார். அதே வளாகத்தில் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. போருக்குப் பின் ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் செய்த 1951 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், ஜப்பானிடமிருந்து இலங்கைக்கு இழப்பீடு வேண்டாம், பகையைப் பகை தணிக்காது என்று தம்மபதத்தைச் சொல்லிப் பேசியவர். எங்களோடு வந்த யாழ்ப்பாணத்து நண்பர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் நகர்ந்தார். 1983-ல் ஜனாதிபதி அவர்தானே.

சாப்பாட்டுக்கு வருவோம். சைவமென்றால் புளியோதரை கட்டிக்கொண்டு போவதே உத்தமம். 'நிகு நாஷி', அதாவது கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் துருவல் கொதித்த சாற்றில் ஊதோன் நூடுல்ஸ் வந்து நிற்கும்; மீனையும் 'தாஷி' சாற்றையும் தனியாகக் கேட்க வேண்டும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஷிராசு இருக்கிறது, நம்மூர் நெத்திலிக்குத் தம்பி மாதிரி. ஜனவரி முதல் மார்ச் 10 வரை அதைப் பிடிக்கத் தடை. ஆகவே சகுரா சமயத்தில் புதிதாகக் கிடைக்கும்.

டப்பாவைத் திறக்க யுயிகஹாமா கடற்கரை அழகான இடம். ஆனால் தலையை நிமிர்த்திப் பாருங்கள், பருந்து சுற்றும். பாட்டியிடம் காக்கா வடை திருடிய கதையைச் சொல்லிக்கொண்டே நான் மகளுக்கு வடை ஊட்ட, பின்பக்கமாகச் சத்தமில்லாமல் வந்து ஒன்று தூக்கிக்கொண்டு போனது. விரலில் கீறல், அரை மணி நேரம் அழுகை. சுவரை ஒட்டி, கூரைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுங்கள். காலி டப்பாவும் குப்பையும் உங்களோடேயே வீடு வரும். தெருவில் தொட்டி கிடையாது.

மத்தியானம் ட்சுருகாவோகா ஹச்சிமான்கு கோயில். அதற்குப் போகும் அகலச் சாலையின் நடுவே மேடாக ஒரு பாதை, டான்கசுரா. இரு பக்கமும் சகுரா. மனைவி மசாகோவுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டி 1182-ல், காமகுராவிலிருந்து ஆண்ட யோரிதோமோ போட்டதாகச் சொல்கிறார்கள். கோயில் நெருங்க நெருங்கப் பாதை குறுகும், அதனால் தூரம் அதிகம்போலத் தெரியும். தள்ளுவண்டிக்கு ஓரத்து நடைபாதையே மேல். பூ உச்சத்தில் நிற்பது ஒரு வாரம்தான், மழை பெய்தால் அதுவும் இல்லை. கிளையை இழுத்துப் போட்டோ எடுக்க வேண்டாம். ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், கடல்காற்று மூன்று மணிக்கே குளிரும்.

தெம்பு மிச்சமிருந்தால் ஸ்டேஷனின் மேற்கு வாசலில் டாக்ஸி பிடித்து ஸெனியராய் பென்டென் கோயில். நடந்தால் கடைசி ஏற்றம் மூட்டு வலிக்காரர்களுக்கு ஆகாது. பாறையைக் குடைந்த வழியில் நுழைந்தால் ஊற்றுக் குகை. மூங்கில் கூடையில் காசைப் போட்டுக் கழுவுகிறார்கள், கழுவிய காசைச் செலவழித்தால் பல மடங்காகத் திரும்புமாம். பென்டென் வேறு யாருமல்ல, நம் சரஸ்வதிதான். அம்மாவிடம் சொன்னதும், "பணத்துக்குப் போய் சரஸ்வதியைத் தொந்தரவு பண்ணலாமா, அதுக்குத்தானே லட்சுமி இருக்கா?" என்றார். ஆனாலும் ஒரு ஐந்து யென் காசைக் கழுவி முந்தானையில் முடிந்துகொண்டார். இன்றுவரை செலவழிக்கவில்லை, பூஜை அலமாரியில் இருக்கிறது.