குதிகால் நரம்பு வலி: ஓடத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவத் தேர்வின் 1,600 மீட்டர் ஓட்டத்துக்காக நாகர்கோவில் பக்கத்துச் சங்குத்துறை கடற்கரை மணலில் ஓடத் தொடங்குகிறவருக்கு ஐந்தாறு வாரத்தில் மூச்சு பிடிபட்டு, கெண்டைக்கால் இறுகி, வேகமும் கூடிவிடும். பலருக்குக் குதிகாலுக்கு மேலே வலி பிடிப்பதும் அந்தச் சமயத்தில்தான். ‘நரம்பு இழுத்துவிட்டது’ என்று ஊரில் சொல்வது உண்மையில் நரம்பல்ல. கெண்டைச்சதையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் தசைநாண் அது.

தசை வலுத்துவிட்டதால் தசைநாணும் வலுத்துவிட்டது என்று நம்புவதே பெரிய தவறு. முதல் சில வாரங்களில் கூடும் பலம், பெரும்பாலும் மூளை தசையை நன்றாக இயக்கப் பழகுவதால் வருவது. சதை பருப்பது அதற்குப் பிறகு. தசைநாணுக்கு ரத்த ஓட்டமும் குறைவு, செல்களும் குறைவு. அதற்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத நார்கள் சுமைக்கு ஏற்ப உறுதிப்பட இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். கால் தயார் என்று தோன்றும் ஆறாவது வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்று போதும். தார் ரோட்டிலிருந்து திடீரென இளகிய மணலுக்கு மாறுவதும் சுமையைக் கூட்டுவதுதான்; குதிகால் புதையப் புதையத் தசைநாண் கூடுதலாக இழுபடும்.

தினமும் வேக ஓட்டம் கூடாது. கடும் பயிற்சிக்குப் பின் முதல் நாளில் கொலாஜன் சேர்வதைவிடச் சிதைவது அதிகம். சேர்மானம் முந்துவது அதற்குப் பிறகே. வேக ஓட்டமோ குதிக்கும் பயிற்சியோ செய்தால், அடுத்த தடவைக்கு முன் 48 மணி நேரம் விடுங்கள்.

வலி வந்ததும் மூன்று வாரம் முற்றாக ஓய்ந்துவிட்டு, வலி போனதும் பழைய தூரத்தையே ஓடுவார்கள். வலி திரும்பி வரும். சுமையே இல்லாத தசைநாண் இன்னும் தளரத்தான் செய்யும். அதற்குத் தேவை மெதுவான, கனமான சுமை. படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, முழங்காலை நீட்டி நில்லுங்கள். 3 விநாடியில் குதிகாலைத் தூக்கி எழும்பி, 3 விநாடியில் அதைப் படிக்குக் கீழே வரை இறக்குங்கள். 15 தடவை, 3 சுற்று, சுற்றுகளுக்கிடையே 2 நிமிடம் ஓய்வு. வாரத்தில் 3 நாள். எளிதானால் முதுகுப்பையில் அரிசியோ மணலோ கட்டிப் போட்டு எடையைக் கூட்டி, 8 தடவையாகக் குறையுங்கள். 12 வாரம் விடாமல் செய்யவேண்டும். செய்யும்போது 10க்கு 5 வரை வலி இருக்கலாம். மறுநாள் காலை எழுந்து வைக்கும் முதல் அடிகளில் விறைப்பு முன்னைவிடக் கூடியிருந்தால் எடையைக் குறைக்கவேண்டும். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் புதிதாகப் போகிறவரின் முழங்கை வலிக்கும் இதே கணக்குதான், பயிற்சி மட்டும் வேறு.

வலி தசைநாணின் நடுவில் இல்லாமல் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே இருந்தால், குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காதீர்கள். சமதரையில் செய்யுங்கள். கெண்டைக்காலை அழுத்தி நீட்டுவதும் அங்கே நசுக்கத்தையே கூட்டும்.

எண்ணெய் போட்டு உழிவது இதமாக இருக்கும், தசைநாணை வலுப்படுத்தாது. தசைநாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி வேண்டவே வேண்டாம், கிழியும் அபாயம் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் தசைநாணைப் பாதிக்கக்கூடும்; அவற்றை எடுக்கும் நாட்களில் குதிகால் வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் ‘டப்’ என்று தெறித்து, அந்தக் காலில் குதிகாலைத் தூக்க முடியாமல் போனால், குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைச்சதையைப் பிழிந்து பார்க்கவேண்டும். பாதம் அசையாவிட்டால் தசைநாண் அறுந்திருக்கலாம். உழிச்சலுக்குப் போகாமல் அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள எலும்பு மருத்துவரிடமோ போய்விடுங்கள்.