பழைய ஆங்கில நாவலை நம்மூர்ப் பாட்டுப் படமாக எழுதிப் பழகுவது எப்படி?

ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவல்தான், 2000இல் ராஜீவ் மேனன் இயக்கிய 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்'. அதே கதையை மட்டக்களப்பில் நடப்பதாக எழுதிப் பாருங்கள். திரைக்கதை பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

முதலில் நாவலை மூடிவைத்துவிட்டு, முடிச்சை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: அப்பா இறக்கிறார், வீடு மூத்த தாரத்து மகனுக்குப் போகிறது, தாயும் பெண்பிள்ளைகளும் வெளியேறுகிறார்கள். படத்தில் அப்பாவுக்குப் பதில் தாத்தாவும் அவருடைய உயிலும். போய்ச் சேரும் இடம் சென்னை. முடிச்சு மாறவில்லை.

சரி, அந்த முடிச்சு இங்கே இறுகுமா? இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். சீதனமாகக் கட்டிக் கொடுக்கிறோம், மாப்பிள்ளை வந்து குடியேறுகிறார். அண்ணன் தங்கச்சிமாரைத் துரத்திவிட்டு வீட்டை எடுத்தான் என்று எழுதினால் கல்லடியில் யார் நம்புவார்கள்? காரணத்தை மாற்றுங்கள். அக்காவுக்கென்று தொடங்கிய வீடு அரைச்சுவரில் நிற்கும்போது அப்பா கண்ணை மூடுகிறார். தாய்வீடு ஈட்டில் கிடக்கிறது. மிஞ்சுவதைத் தங்கச்சிக்கு விட்டுக்கொடுக்க அக்கா முடிவெடுக்கிறாள். தன் காதலைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆஸ்டினின் மூத்தவள் எலினரின் மௌனம் இப்படித்தான் நம்மூர் மௌனமாகும்.

அப்புறம் இடங்கள். நாவலில் தங்கை மழையில் சறுக்கி விழுவது மலைச்சரிவில். நமக்கு மாரிமழையும், வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்வரம்பும் போதும். தூக்கிவிட்டவனை அடுத்தமுறை அவள் பார்ப்பது, குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு ஆளையும் வண்டியையும் ஏற்றிப் போகும் மிதவையில், நம்மூர்ப் பேச்சில் 'பாதை'யில். வாவியைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களில் இருவரும் பேசவே வேண்டாம்.

பாட்டை, பேச்சு தோற்கும் இடத்தில் மட்டும் வையுங்கள். படத்தில் கவிதைப் பித்துள்ள பெண்ணின் கதைக்குள் பாரதியின் 'சுட்டும் விழிச் சுடர்' ரகுமான் இசையில் வருகிறது. நமக்குக் கவி என்னும் நாட்டுப்பாட்டு இருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் பாடிவந்த காதல் கவி. வயல்வேலை செய்து வளர்ந்த ஒரு பெத்தாவிடம் (பாட்டியிடம்) போய் இருந்து கேளுங்கள். அந்த இழுவை காதில் ஏறும்வரை ஒரு வரியும் எழுதாதீர்கள்.

இன்றைக்கு ஒரே ஒரு காட்சி: அரைச்சுவருக்குள் அக்காவும் தங்கச்சியும். இருவர் மனதிலும் வீடுதான், ஆனால் அதைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. ஒன்றரைப் பக்கம் போதும்.