ஜெபமே வராத நாள்ல என்ன பண்றது

மொதல்ல ஒண்ணு, சந்தேகம் வந்துருச்சேன்னு பயந்து மூடி வைக்காதீங்க. அம்மா தவறுன வருஷம் யாங்கோன்ல ஆராதனைக்கு போயி பாட்டுக்கு வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு நிப்பேன், "எல்லாம் தேவ சித்தம்மா"ன்னு யாராச்சும் கையைப் புடிச்சா பத்திக்கிட்டு வரும். மூடி வச்சதுல அந்தக் கோவம் கூடுச்சே தவிர குறையல.

அதனால பைபிள்ல சங்கீதம் 13ஐ எடுத்து சத்தமா படிங்க. ஆறே வசனம், அதுல மொத ரெண்டுலயே நாலு தடவ "எதுவரைக்கும்"னு சங்கீதக்காரர் கடவுள்கிட்ட கேக்குறாரு. அப்புறம் உங்க கேள்வியப் போடுங்க, எதுவரைக்கும் ஆண்டவரே இந்த கரண்ட் இல்லாத ராத்திரி, எதுவரைக்கும் தம்பி வெளிநாட்டுலயே கெடப்பான். மரியாதை கொறைவோன்னு தோணும். 88ஆம் சங்கீதத்தப் பாருங்க, கடைசி வசனம் வரைக்கும் பொலம்பல்தான், ஆனா பொலம்புறது அவர்கிட்டயே. அவரப் பத்தி ஊர்ல பொலம்புறதும் அவர்கிட்டயே பொலம்புறதும் வேற வேற.

நம்ம பர்மா நாட்டு கதை ஒண்ணு. அதோனிராம் ஜட்சன்னு ஒரு அமெரிக்க மிஷனரி 1813ல ரங்கூன் (இப்போ யாங்கோன்) வந்தாரு, மொத பர்மாக்காரர் ஞானஸ்நானம் எடுக்கவே 1819 ஆச்சு. 1824ல பிரிட்டிஷ்காரங்களுக்கும் பர்மாவுக்கும் சண்டை வந்து அவருக்கு ஜெயில், வெளிய வந்த 1826லயே மனைவி போயிட்டாங்க, அடுத்த வருஷம் கைக்கொழந்தையும். பிரசங்கத்துல ஜெயிலச் சொல்லிட்டு ஒரே தாவா 1834ல பைபிள பர்மா மொழியில மொழிபெயர்த்து முடிச்சாருன்னு போயிடுவாங்க. நடுவுல மனுஷன் காட்டுக்குள்ள தனியா போயி தனக்கே ஒரு குழி வெட்டி பக்கத்துல உக்காந்திருந்தாரு, கடவுள நம்புறேன் ஆனா கண்டுபுடிக்க முடியலன்னு எழுதியும் வச்சாரு. எனக்கு ஜெயில விட அந்தக் குழிதான் ஒதவுச்சு, மிஷனரிக்கே அப்படின்னா நான் எம்மாத்திரம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு, பசியோட, கடவுள் இருக்காரா இல்லையான்னு முடிவு எடுக்காதீங்க. பைபிள்ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ "போதும் கர்த்தாவே"ன்னு படுத்தப்ப அவருக்கு புத்தி சொல்லல, அடையும் தண்ணியும்தான் வந்துச்சு, தின்னுட்டு தூங்குனாரு, மறுபடி எழுப்பி தின்ன வச்சாங்க. பேச்செல்லாம் அதுக்கப்புறம்தான்.

கூட உக்கார ஒரு ஆளு வேணும், விளக்கம் குடுக்குற ஆளு வேணாம். பைபிள்ல எல்லாத்தையும் எழந்து நின்ன யோபுவோட சிநேகிதங்க ஏழு நாள் வாயத் தொறக்காம இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க. எனக்கு பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா, புத்த மதம், தூக்குச்சட்டில மொகிங்கா (பர்மா மீன் நூடுல்ஸ் சூப்பு) கொண்டாந்து வச்சுட்டு சொவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டாங்க, ஒரு மணி நேரம் விசிறி மட்டும் வீசுனாங்க. ஆண்டவர் அன்னிக்கு அவங்களத்தான் அனுப்புனாருன்னு நான் நெனைக்கிறேன், பாஸ்டர் என்ன சொல்லுவாரோ தெரியாது.

ஒண்ணுமே வரலன்னா மாற்கு 9:24ல சொகமில்லாத புள்ளைய இயேசுகிட்ட கூட்டிட்டு வந்த அப்பா சொன்னது போதும், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பஸ்ல தொங்கிக்கிட்டே சொல்லலாம், நான் சொல்லிருக்கேன். படுக்கப்போறப்ப அன்னிக்கு கெடச்சது ஒண்ணே ஒண்ணு நோட்டுல எழுதுங்க, பெருசா இருக்கணும்னு இல்ல. போன செவ்வாய்க்கெழம என் நோட்டுல இருக்குறது, "கரண்ட் ரெண்டு மணி நேரம் இருந்துச்சு, மாவு ஆட்டியாச்சு."